நிவாரணமும் ஆய்வும்: மூசி ஆறு தரும் பாடம்



1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. நிவாரணக் கஞ்சி அன்றைய பசியைத் தீர்த்தது. அடுத்த வெள்ளத்தை அதனால் தடுக்க இயலாது. நிஜாம் அரசு அழைத்த பொறியாளர் விசுவேசுவரய்யா மழையளவையும் உடைந்த ஏரிகளையும் ஆராய்ந்து, வெள்ளநீரை நகருக்கு மேலேயே தேக்குமாறு பரிந்துரைத்தார். அவ்வாறு எழுந்த உஸ்மான் சாகர் (1920), ஹிமாயத் சாகர் (1927) ஆகியவை நகரின் தாகத்தையும் தீர்த்தன.

எனினும் 2020 அக்டோபரில் நகரம் மீண்டும் மூழ்கியது. ஏரிகளும் ஓடைகளும் ஆக்கிரமிப்புக்கு இரையாகியிருந்தன. தாழ்வான பகுதிகளின் உழைப்பாளி மக்களே பெரிதும் அல்லலுற்றனர். ஆய்வு வழிகாட்டும், அதை நடைமுறையாக்குவது மக்கள் இயக்கமே. நிவாரணத்துடன், பேரிடரின் காரணத்தை ஆராயும் அறிக்கையும் அதன்மீதான நடவடிக்கையும் சேர்த்தே கோரப்பட வேண்டும்.