கயிறு அசையும்போது



முத்துக்குளிக்கக் கடலில் இறங்குபவர் தம் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார் என்று நம் கடற்கரைப் பெரியவர்கள் சொல்வார்கள். கயிறு அசைந்ததும் மைத்துனர் தாமதிக்காமல் மேலே இழுப்பார். தங்கையின் தாலி அவர் கையில் அல்லவா இருக்கிறது!

அதே தங்கை கணவனிடம் அடிவாங்கி, நள்ளிரவில் பிள்ளைகளோடு பிறந்தவீட்டு வாசலில் வந்து நின்றால்? "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவளும் கயிற்றை அசைத்தாள், இழுக்கத்தான் ஆளில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். காயம் ஆறினாலும் தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, கருச்சிதைவு என்று உடலும் உள்ளமும் நைந்துபோகின்றன.

"இது உன் சிலுவை" என்று அவளிடம் சொல்லாதிருப்போம். இயேசு சிலுவையைத் தாமே விரும்பி ஏற்றார். பிறர் முதுகில் ஏற்றவில்லை. மனைவியைத் தம் சொந்த உடலாகக் கருதி அன்புசெய்யவே எபேசியர் மடலில் பவுலடியார் கணவர்களைக் கேட்கிறார். உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டம் 1153 இடமளிக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அவள் குடியிருக்கும் வீட்டிலேயே வாழும் உரிமையையும் மருத்துவ உதவியையும் தருகிறது. 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

முதலில் கதவைத் திறப்போம், அறிவுரை பிறகு. பனிமய அன்னை நமக்குத் துணை நிற்பாராக. ஆமென்.