ஏரிக்குள் நிற்கும் நீலப் புள்ளி



பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் வழக்கமாக வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார்கள். இந்த உரை ஒரு செயலியைப் பற்றியது. பழைய வரைபடத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடப்பதற்கான செயலி. கேட்பதற்கு எளிது: வரைபடத்தை ஸ்கேன் செய்ய வேண்டும், இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த வேண்டும், ஜிபிஎஸ் சொல்லும் இடத்தில் ஒரு நீலப் புள்ளியை வைக்க வேண்டும். தியாகராய நகரில் துணி எடுக்கப் போனவர் நூறாண்டுக்கு முந்தைய சென்னை வரைபடத்தைத் திறந்தால், பல தெருக்களில் அவருடைய புள்ளி தண்ணீருக்குள் நிற்கும். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. 1920கள் வரை ஊருக்கு அதுதான் மேற்கு எல்லை. 1923இல் தொடங்கி அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். டேங்க் பண்ட் ரோடு, லேக் வியூ ரோடு என்ற பெயர்கள் மட்டும் மிச்சம். மழைக்காலத்தில் தண்ணீரும் தன் பழைய முகவரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

இந்தச் செயலி நம்மூரில் தோன்றிய யோசனை இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2010ஆம் ஆண்டு வாக்கிலேயே 'வாக்கிங் த்ரூ டைம்' என்ற ஐபோன் செயலியைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அதற்கு ஏற்ற ஊர்தான் அது. கோட்டைக்கு அரணாக 15ஆம் நூற்றாண்டில் தேக்கிய நார் லாக் என்ற ஏரி, நாளடைவில் நகரத்துச் சாக்கடையெல்லாம் சேரும் குட்டையானது. 1759இல் அதை வடிக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே பிரின்சஸ் ஸ்ட்ரீட் பூங்காவும் வேவர்லி ரயில் நிலையமும் இருக்கின்றன. பழைய வரைபடத்தை விரித்தபடி பூங்காப் புல்வெளியில் நிற்பவரின் புள்ளியும் நீருக்குள்தான் இருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் வரைபடங்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவைத்திருக்கிறது. பழையதும் புதியதும் பக்கம் பக்கமாக, ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரும். நம் ஊர் நூலகம் ஒன்று இப்படிச் செய்யும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

செயலியின் நிரலை எழுதுவது இதில் சின்ன வேலை. இன்று பட்டம் வாங்கும் கணினித் துறை மாணவர் நாலைந்து வாரத்தில் முடித்துவிடுவார். மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிரமம் முழுவதும் நிரலுக்கு முந்தைய கட்டத்தில், ஜியோரெஃபரன்சிங் என்று துறைக்காரர்கள் சொல்லும் பொருத்துகிற வேலையில் இருக்கிறது.

அந்தத் திரை எப்படி இருக்கும்? இடப்பக்கம் பழைய வரைபடம், வலப்பக்கம் செயற்கைக்கோள் படம். இரண்டிலும் இருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்: கோட்டையின் ஒரு கொத்தளம், ஒரு தேவாலயக் கோபுரம், குளத்தின் ஒரு மூலை. இங்கே ஒரு கிளிக், அங்கே ஒரு கிளிக். இதற்குக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்று பெயர். குறைந்தது மூன்று புள்ளி வேண்டும். நல்ல பொருத்தத்துக்கு இருபது, முப்பது. கீழே ஓர் அட்டவணை ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது காட்டும். 12, 9, 17 மீட்டர் என்று போய்க்கொண்டிருக்கிற பட்டியலில் திடீரென்று ஒரு வரி மட்டும் 500ஐத் தாண்டும்.

அந்த ஒரு வரியை என்ன செய்வது என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது.

சென்னையில் அந்த வரி எங்கிருந்து வரும் என்று சொல்லிவிடலாம். எல்லாம் மாறினாலும் கோயில் நகராது என்பது நம் எல்லாருடைய நம்பிக்கை. ஆகவே 1733ஆம் ஆண்டு வரைபடத்தில் கோயிலைப் பார்த்ததும், பூக்கடைப் பக்கம் இன்றிருக்கும் சென்னகேசவப் பெருமாள் கோயிலோடு கை தானாகவே அதைப் பொருத்திவிடும். அங்கேதான் சறுக்கல். அன்றைய பட்டணம் கோயில் கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் வளாகத்தில் இருந்தது. 1746 முதல் 1749 வரை நகரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதி இடிபட்டது. நகரத்தைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், எதிரி வீடுகளுக்குப் பின்னால் பதுங்கக் கூடாது என்று மீதியையும் இடித்தார்கள். 1757இல் கோயிலும் போனது. அதற்கு ஈடாக வேறிடத்தில் எழுந்தவைதான் இன்றைய சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள். சாமி அதே சாமி. இடம் சில நூறு மீட்டர் தள்ளி.

இன்னொரு பொறியும் உண்டு. மென்பொருளில் 'தின் பிளேட் ஸ்ப்லைன்' என்று ஒரு முறை இருக்கிறது. ரப்பர் ஷீட்டை ஆணி அடித்து இழுப்பதுபோல, கொடுத்த ஒவ்வொரு புள்ளியும் சரியாக உட்காரும்படி வரைபடத்தை அது வளைத்துவிடும். அட்டவணையில் எல்லாப் பிழையும் பூஜ்யமாகிவிடும். பார்ப்பதற்கு அருமை. ஆனால் இடம் மாறிய கோயிலும் பூஜ்யப் பிழையோடு உட்கார்ந்திருக்கும். சுற்றியிருக்கும் பத்துத் தெருக்கள் அதற்காக இழுபட்டிருக்கும். வளைக்காமல், திருப்பியும் நீட்டியும் மட்டும் பார்க்கும் 'அஃபைன்' முறை அழகில் குறைவு. ஆனால் தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அனுபவசாலிகள் முதலில் அஃபைனில் ஓட்டிப் பார்த்து, எந்தப் புள்ளி முறைக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வளைக்கப் போவார்கள்.

கோயில் நகர்ந்ததாவது ஒரே ஒரு முறை. சென்னையின் கலங்கரை விளக்கம் நான்கு இடத்தில் இருந்திருக்கிறது: 1796இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல், 1844இல் இன்றைய நீதிமன்ற வளாகத்துத் தூணில், 1894இல் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலேயே, 1977 முதல் மெரினாவின் தென்கோடியில். வரைபடத்தின் ஆண்டு தெரியாமல் கலங்கரை விளக்கத்தைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக வைப்பவர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையோ இன்னும் மோசம். ஒரு காலத்தில் அலை கோட்டைச் சுவர்ப் பக்கம் வரை வந்தது. 1870களில் துறைமுக வேலை தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? கோட்டைக்குள் இருக்கும், 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தை நம்பலாம். அதைவிடச் சுவையான ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி இருக்கிறது. கறுப்பர் நகரம் இடிபட்ட வெற்றுத் திடலில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்களை நட்டார்கள். இன்று தப்பி நிற்பது அந்த ஒன்றுதான். பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜியோரெஃபரன்சிங் செய்கிறவருக்கோ அது தங்கம். நட்டவர்களே அளந்து நட்ட, நட்ட இடத்திலேயே நிற்கிற கல் வேறு எங்கே கிடைக்கும்?

நில அளவைத் துறையின் பழைய தாள்களில் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் அச்சிட்டே இருக்கின்றன, அவற்றை வைத்து நேரடியாகப் பொருத்திவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த வேலைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. தீர்க்கக்கோட்டுக்கு ஆதாரம் நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகம். அதன் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது. முக்கோணங்கள் துல்லியம். ஆனால் கிரீன்விச்சிலிருந்து அந்த வானாய்வகம் எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட மதிப்பு கோணக் கணக்கில் 2 நிமிடம் 27 விநாடி கூடுதலாக இருந்தது. தந்தி வந்து, நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்த பிறகே பிழை சரியாகப் பிடிபட்டது. சென்னையின் அட்சத்தில் இது ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். தாளில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் நுங்கம்பாக்கம் மெரினா கடற்கரைக்கே போய்விடும்.

அந்தக் காலத்து அளவைக்காரர்கள் இதை மறைக்கவில்லை. பழைய தாள் பலவற்றின் ஓரத்தில் பொடி எழுத்தில் இவ்வளவைக் கழித்துக்கொள்க என்று குறிப்பே இருக்கிறது. ஸ்கேன் செய்கிறவர்தான் ஓரம் அழகாக இல்லை என்று வெட்டிவிடுகிறார்.

அதைக் கழித்த பிறகும் வேலை முடியாது. நம் தாள்கள் 1830இல் எவரெஸ்ட் என்ற அளவையாளர் வகுத்த பூமி வடிவத்தை வைத்து வரைந்தவை. ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு வடிவத்தை வைத்துக் கணக்கிடுகிறது. மாற்றாமல் விட்டால் புள்ளி அடுத்த தெருவுக்குப் போகும். காகிதமும் சும்மா இருப்பதில்லை. ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும், அதுவும் நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி.

கைபேசியின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரைபடத்தை 256 பிக்சல் சதுரங்களாக நறுக்கி அடுக்குவார்கள். இவற்றை டைல் என்பார்கள். 10க்கு 10 கிலோமீட்டர் பரப்புக்கு, தெருவளவு தெளிவான 18ஆம் நிலையில் சுமார் 4,500 டைல். அதற்கு முந்தைய நிலைகளையும் சேர்த்தால் 6,000. நூறு, நூற்றைம்பது எம்பிக்குள் அடங்கும். வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு போனால் வழியில் சிக்னல் தேட வேண்டாம். பேட்டரியைத் தின்பது திரையின் வெளிச்சம்தான். சித்திரை வெயிலில் முழு வெளிச்சம் இல்லாமல் எந்த வரைபடமும் தெரியாது. ஆகவே பழைய ஏரிக்கரையைத் தாண்டும்போது மட்டும் கைபேசி ஒரு முறை அதிரட்டும், மற்ற நேரம் சட்டைப் பையிலேயே கிடக்கட்டும் என்று வடிவமைப்பது உத்தமம். நடக்கிறவர் கண் தெருவில் இருக்க வேண்டும். நம் தெருக்களில் அது உயிர் விஷயமும்கூட.

இனி நீலப் புள்ளி. திறந்த வெளியில் கைபேசியின் ஜிபிஎஸ் 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். தங்கசாலைத் தெரு போன்ற நெருக்கத்தில் சமிக்ஞை சுவரில் மோதி எதிரொலித்து வருவதால் பிழை பல மடங்காகும். வழக்கமான செயலிகள் இந்தப் பிழைக்கு மட்டும் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் போடுகின்றன. பழைய வரைபடத்தின் பிழையை அந்த வட்டத்தில் சேர்ப்பவர் குறைவு. ஓரிடத்தில் வரைபடமே 60 மீட்டர் விலகியிருந்தால், வட்டமும் குறைந்தது 60 மீட்டர் இருக்க வேண்டும். அதைக் காட்டினால் திரை அசிங்கமாக இருக்கும், வாடிக்கையாளர் விரும்பமாட்டார் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அசிங்கமாகத்தான் இருக்கும். இருந்தும் காட்டத்தான் வேண்டும்; ஏனென்றால் 'என் வீடு ஏரியில் இருக்கிறதா' என்று பார்ப்பவர் பொழுதுபோக்குக்குப் பார்க்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைவாசி பலர் பழைய நீர்நிலை வரைபடங்களைத் தேடிப் பார்த்தது கவலையால். 60 மீட்டர் தடுமாறும் ஏரி எல்லைக்கோட்டை ஒரு பிக்சல் கோடாக வரைந்தால், ஒரு மனையின் விலையும் ஒரு குடும்பத்தின் தூக்கமும் அதில் அடிபடும்.

வரைபடத்தில் இல்லாதவர்கள் விஷயமும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர்கள் பீரங்கிக்காகவும் வரிக்காகவும் வரைந்தார்கள். கோட்டைக்குள் ஒவ்வொரு கிட்டங்கிக்கும் பெயர் உண்டு. வெளியே குடிசைகள் இருந்த இடத்தில் பல தாள்களில் வெறும் புள்ளிக்கோலம், சிலவற்றில் அதுவும் இல்லை. காலி இடத்தைப் பார்த்து அங்கே யாரும் இல்லை என்று செயலி சொல்லிவிடக் கூடாது. ஹென்றி டேவிசன் லவ் 1913இல் தொகுத்த பழைய மெட்ராஸ் ஆவணங்கள், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக் கோப்புகள், அந்தந்தத் தெருப் பெரியவர்களின் நினைவு எல்லாவற்றையும் தனித்தனி அடுக்காக, எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு சேர்க்கலாம். சட்டத் தடையும் முன்புபோல் இல்லை. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இந்தியர்கள் வரைபடத் தரவு உருவாக்குவதற்கு இருந்த முன் அனுமதிகளை நீக்கிவிட்டன.

கடைசியாக, செயலியின் ஆயுள். 2010இல் ஐபோனுக்கு எழுதிய 32 பிட் செயலிகள் எதுவும் 2017இல் வந்த ஐஓஎஸ் 11இல் திறக்கவில்லை. புதுப்பிக்க ஆளில்லாதவை அத்தோடு போயின. நீங்கள் எழுதப்போவதற்கும் பத்தாண்டு தாண்டினால் அதே கதிதான். ஆனால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பட்டியல் சில கேபி அளவே உள்ள வெறும் எழுத்துக் கோப்பு. ஆல்மேப்ஸ் என்ற திறந்த மூலத் திட்டம் இப்படித்தான் இயங்குகிறது: படம் நூலகத்தின் சர்வரிலேயே கைபடாமல் இருக்கும், புள்ளிகள் தனிக் கோப்பில் இருக்கும், பார்க்கும் நேரத்தில் இரண்டும் சேரும். அந்தக் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் யார் வைத்தது, என்று வைத்தது, எந்த ஆதாரத்தில் வைத்தது என்று மூன்று நெடுவரிசை சேருங்கள். நீக்கிய புள்ளியை அழிக்காமல், நீக்கிய காரணத்தை எழுதிவையுங்கள். ஒரு பிரதியை நூலகத்தில் கொடுத்துவையுங்கள். அடுத்த செயலியை எழுதுகிறவர் சென்னகேசவர் கோயிலை மறுபடியும் பூக்கடையில் பொருத்தப் போகும்போது, 1757இல் இடிபட்ட கதை அந்த வரியிலேயே இருக்கும்.