சிப்பாயின் வீடும் நம் லயத்து வீடும்



இன்று நான் பேச வந்தது இராணுவக் குடியிருப்பைப் பற்றி. "நமக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்காதீர்கள். வேலை இருக்கும்வரைதான் சிப்பாய்க்கு வீடு. இந்தக் கதை லயத்து வீட்டில் பிறந்த நமக்குத் தெரியாததா?

பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். 1996-ல் அந்நாட்டு அரசாங்கம் 57,000-க்கும் மேற்பட்ட இராணுவக் குடும்ப வீடுகளை அனிங்டன் என்ற தனியார் நிறுவனத்திடம் விற்றது. விலை 166 கோடி பவுண்ட். விற்ற வீடுகளையே திரும்ப வாடகைக்கும் எடுத்தது. பழுதுபார்க்கும் செலவும் அரசாங்கத்தின் தலையில்தான். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் வாடகை கட்டியது. வீட்டு விலை ஏறியபோது இலாபம் நிறுவனத்துக்குப் போனது. பூஞ்சை பிடித்த சுவரும் வேலை செய்யாத ஹீட்டரும் சிப்பாய்க் குடும்பங்களுக்கு மிஞ்சின.

விற்காமலே இருந்திருந்தால் 220 கோடி முதல் 420 கோடி பவுண்ட் வரை மக்கள் பணம் மிச்சமாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2018-ல் மதிப்பிட்டது. கடைசியில் 2025 ஜனவரியில் 36,347 வீடுகளை ஏறக்குறைய 600 கோடி பவுண்ட் கொடுத்து அரசாங்கமே திரும்ப வாங்கியது. விற்ற வீடுகளைவிடக் குறைவான வீடுகள். கொடுத்த பணமோ மூன்று மடங்குக்கும் மேல்!

நம் நாடு மட்டும் என்ன? இங்கே நில மாற்று ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. குத்தகை நிறுவனம் முகாமோ கட்டடமோ கட்டிக் கொடுக்கும்; பதிலுக்குத் தற்காப்பு அமைச்சின் விலையுயர்ந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும். இப்படி 16 திட்டங்களில் 50 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பு என்று 2019-ல் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு அறிவித்தார்.

தோழர்களே, துப்பாக்கி பிடித்த சிப்பாயையே அவன் வீட்டு ஒப்பந்தத்தில் யாரும் கலந்து பேசவில்லை. பால்மரம் சீவிய உங்களைக் கேட்பார்களா? நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

தோட்டம் கைமாறுகிறது, மாற்று வீடு தருகிறோம் என்று யாராவது தாளை நீட்டினால் நான்கு கேள்வி கேளுங்கள். நிலப்பட்டா யார் பெயரில்? வீடு எந்தத் தேதிக்குள், எந்த இடத்தில்? பழுதானால் யார் பொறுப்பு? வேலை முடிந்தபின் அந்த வீடு எங்களுடையதா?

பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். லயம் முழுவதும் ஒன்றாகக் கூடி, விவரம் தெரிந்தவரை வைத்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள். போட்ட கையெழுத்தைப் பிறகு மீட்பது எவ்வளவு கடினம் என்பதை நீதிமன்றத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.