இணையவழி வியாபாரமும் எழுத்து ஒப்பந்தமும்

(பாகலூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



உங்களிடம் ஒரு கேள்வியுடன் தொடங்க விரும்புகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பாராமல் அரை ஏக்கர் நிலத்துக்கேனும் முன்பணம் கொடுப்பவர் இங்கே எவரேனும் உண்டா? இல்லை என்று நான் அறிவேன். அத்தகைய நாம், அந்த நிலத்தில் ஓராண்டு பாடுபட்டு விளைவித்த பொருளை, முகம் அறியாத ஒருவருக்குத் தொலைபேசிப் பேச்சை மட்டும் நம்பி அனுப்பி வைக்கிறோம். இது முறையாகுமா என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

பாகலூர், பேரிகைப் பகுதிகளின் ரோஜாவும் காய்கறியும் பெயர் பெற்றவை. நமக்குச் சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பெங்களூரோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆகவே நம்முடைய சந்தை பெரும்பாலும் மாநில எல்லைக்கு அப்பால் அமைந்துவிட்டது. இப்போது இணையவழி விற்பனையும் சேர்ந்து, தோட்டத்திலிருந்து நகரத்து வீட்டு வாசலுக்கே பொருளை அனுப்ப வழி பிறந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வியாபாரம் வளர வளர, அறிமுகம் இல்லாதவர்களோடு கொடுக்கல் வாங்கலும் வளர்கிறது. அங்கே முகத் தாட்சண்யம் செல்லாது. எழுத்து ஒன்றே துணை நிற்கும்.

நம் வட்டாரத்தில் நடந்ததைக் கூறுகிறேன். ஐந்து விவசாயிகள் கூடி, பெங்களூரில் இணையவழியாகப் பூ விற்கும் ஒரு நிறுவனத்துக்கு ரோஜா அனுப்பத் தொடங்கினர். முதல் வண்டியைக் கொடியசைத்து அனுப்பியவன் நானே. எத்தனை கட்டு, என்ன விலை என்றெல்லாம் கேட்டுப் பாராட்டிப் பேசினேன். ஒப்பந்தம் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை. சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. பிப்ரவரி 14ஆம் நாளையொட்டி விலை ஏறிய சமயத்தில் வண்டி வண்டியாகப் பூ சென்றது. பூ கசங்கியிருந்தது என்று கூறி, நிறுவனத்தார் மூன்றில் ஒரு பங்குத் தொகையைப் பிடித்துக் கொண்டனர். தரத்தை யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது, எத்தனை மணி நேரத்துக்குள் குறை கூற வேண்டும் என்பது எதுவும் எழுதப்படவில்லை. பேசிய செய்திகள் இருந்த கைபேசியும் பழுதாகிப் போயிற்று. பணம் எல்லாம் ஒருவர் கணக்கிலேயே வந்தமையால், நால்வரும் அவர் மீது ஐயம் கொண்டனர். பணம் போனதோடு நட்பும் போயிற்று. அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

இத்தகைய நிலை மற்றவர்களுக்கு வராதிருக்க, நான்கு வகை எழுத்துகள் இன்றியமையாதவை.

முதலாவது, நமக்குள்ளே செய்து கொள்ளும் எழுத்து. பலர் கூடித் தொழில் செய்தால், யார் எவ்வளவு முதல் போட்டார், லாப நஷ்டப் பங்கு என்ன, கணக்கு யார் பொறுப்பு, விலக விரும்பினால் என்ன முறை என்பவற்றைக் கூட்டுப் பத்திரத்தில் எழுதுங்கள். அத்துடன் நில்லாது, கூட்டு நிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். 1932ஆம் ஆண்டுக் கூட்டு வாணிபச் சட்டத்தின்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வெளியார் மீது வழக்குத் தொடர இயலாது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனியாகவும் பதிவு செய்து கொள்ளலாம்.

இரண்டாவது, அரசாங்கப் பதிவுகள். பறித்த பூவுக்கும் பச்சைக் காய்கறிக்கும் சரக்கு சேவை வரி கிடையாது. அதே ரோஜாவைக் குல்கந்தாகவும் மாம்பழத்தைக் கூழாகவும் ஆக்கினால் வரி உண்டு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்குப் பொதுவாக ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குரிய பொருள் மாநில எல்லையைத் தாண்டினால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, இந்த வரம்பு பொருந்தாது; முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். எல்லைப்புறத்தில் வாழும் நாம் இதை மறக்கலாகாது. உணவுப் பண்டமாக ஆக்கி விற்போர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும். பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை முதலியவை இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வாங்கும் நிறுவனத்தோடும் விற்பனைத் தளத்தோடும் செய்து கொள்ளும் ஒப்பந்தம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, ஒரு தளத்தின் வழியே விற்பவர் அத்தளத்தோடு முன்னதாகவே எழுத்து ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். திரையில் 'சம்மதம்' என்று தொட்டுவிட்டால் அதுவும் ஒப்பந்தமே; மின்னணு வடிவில் இருப்பது என்ற காரணத்தால் மட்டும் அது செல்லாது போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறுகிறது. ஆகவே ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். தரம் பார்க்கும் இடம், கமிஷன், பணம் தரும் நாள், திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் யாருடையது, வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்னும் ஐந்து ஷரத்துகளைக் கட்டாயம் பாருங்கள். 'பெங்களூர் நீதிமன்றம் மட்டும்' என்று எழுதியிருந்தால், சிறு தொகைக்காக அங்கே அலைய முடியுமா என்று முன்பே எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருந்தால், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்த பின்னரே கையொப்பம் இடுங்கள்.

குல்கந்து, ஊறுகாய் போன்றவற்றை உற்பத்தி செய்வோர் உத்யம் பதிவு பெறுவது நலம். 2006ஆம் ஆண்டுச் சிறு தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றுக் கொண்டவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டிக்கு அவர் பொறுப்பாவார்.

நான்காவது, அன்றாடச் சான்றுகள். ஒவ்வொரு விற்பனைக்கும் பில் போடுங்கள். சரக்கை ஏற்றும்போது லாரி ரசீது வாங்குங்கள். 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு சேதமானால் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்காவிடில் வழக்குத் தொடர முடியாது. வண்டி புறப்படும் முன் சரக்கைப் படம் எடுத்து வையுங்கள். செய்திகளையும் படங்களையும் ஒரே கைபேசியில் விட்டுவிடாமல் வேறோரிடத்திலும் சேமியுங்கள். வாடிக்கையாளரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பிறருக்குக் கொடுக்கலாகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

"இவ்வளவும் செய்ய வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் அது உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பஞ்சாயத்து அன்பர்கள் கிராம சபைக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தால், அது பெருந்தொண்டாகும்.

அந்த ஐவரின் கதை என்னாயிற்று? இழந்த தொகை திரும்பவில்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் முயற்சியால் மூவர் மீண்டும் கூடினர். பத்திரம் எழுதிப் பதிவு செய்தனர். வேறொரு நிறுவனத்தோடு இரண்டே பக்கத்தில் ஒப்பந்தம் செய்து கொண்டனர். வண்டி ஏறும் முன் தரம் இங்கேயே பார்க்கப்படும். பதினைந்தாம் நாள் பணம் வரவேண்டும். அவ்வொப்பந்தம் கையெழுத்தாகுமுன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். இம்முறை நான் கட்டுக் கணக்குக் கேட்கவில்லை. இரண்டு பக்கத்தையும் முழுவதும் படித்துப் பார்த்தேன்.

பட்டாவைப் பெட்டியில் வைத்துப் போற்றும் நாம், ஒப்பந்தத்தையும் அதே பெட்டியில் வைத்துப் போற்றுவோமாக.