தக்கை ஓக்கின் தாய் யார்?

ஆசிரிய நண்பர்களே,

சிற்றினத்துக்கு நாம் கரும்பலகையில் எழுதும் வரையறை, எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் தந்ததையொட்டியது: தமக்குள் இனப்பெருக்கம் செய்யும், பிறவற்றோடு கலக்காத கூட்டம். ஓக் மரங்கள் இதற்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை.

ஸ்பெயினில் இரண்டு பசுமைமாறா ஓக்குகள் அருகருகே வளர்கின்றன. ஒன்று தக்கை ஓக். பாட்டிலை அடைக்கும் தக்கை அதன் பட்டைதான். மற்றது ஹோல்ம் ஓக். அதன் பட்டையில் தக்கை எடுக்க முடியாது. உட்கருவின் டி.என்.ஏ.வும் இரண்டையும் தனித்தனியாகவே காட்டுகிறது. ஆனால், கிழக்கு ஸ்பெயினின் தக்கை ஓக்குகள் பலவற்றில் இருப்பது ஹோல்ம் ஓக்கின் பசுங்கணிகம்!

ஓக்கில் பசுங்கணிகம் தாய்மரத்திலிருந்து வருவது. மகரந்தம் அதைக் கொண்டுவருவதில்லை. என்றோ ஒரு ஹோல்ம் ஓக்கின் பெண்பூவில், காற்றில் வந்த தக்கை ஓக்கின் மகரந்தம் விழுந்திருக்கிறது. அப்படிப் பிறந்த கலப்பு மரமும் அதன் வழிவந்தவையும் மீண்டும் மீண்டும் தக்கை ஓக்கின் மகரந்தத்தையே பெற்றன. உட்கருவில் ஹோல்ம் ஓக்கின் பங்கு சராசரியாக 1/2, 1/4, 1/8 எனத் தேய்ந்தது. (எட்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும் கணக்கு.) பசுங்கணிகம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

"அப்படியானால் இரண்டும் ஒரே சிற்றினமா, சார்?" என்று ஒரு மாணவி கேட்கலாம். இல்லை என்பேன். கலப்பு அரிதாகவே நடக்கிறது. இரண்டும் தத்தம் இயல்போடு நிலைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கேள்வியை, "தேர்வுக்கு வராது" என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. வரையறையை ஒப்பிப்பவருக்கு முழு மதிப்பெண் தருகிறோம். அதை உரசிப் பார்ப்பவருக்கு என்ன தருகிறோம்?

அடுத்த முறை பரிணாமப் பாடம் எடுக்கும்போது விடையைச் சொல்லிவிடாதீர்கள். இரு மரங்களையும் அந்தப் பசுங்கணிகத்தையும் மட்டும் சொல்லி, தாய் எது என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.