ஓரத் தண்ணீர்



விடிந்தும் விடியாத நேரத்தில் போடி அருகே மீனாட்சிபுரம் கண்மாய்க் கரையில் நின்றுவிட்டுத்தான் இந்தக் கருத்தரங்க மேடைக்கு வந்திருக்கிறேன். கரையோரச் சேற்றில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன. நாலெட்டு உள்ளே, செங்கால் பாதி மறைய நெடுங்கால் உள்ளான் ஒன்று நின்றது. அதற்கும் அப்பால் முக்குளிப்பான் மூழ்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் எழாமல், இருபதடி தள்ளித் தலை நீட்டியது. சம்புப் புதருக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழியின் குரல் மட்டும் வந்தது.

நீர்ப்பறவைக்குத் தண்ணீர் இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை அதன் காலும் அலகுமே தீர்மானிக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரை திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு, மீன் வந்து பட்டதும் கவ்வும். கால் எட்டாத ஆழத்தில் அதற்கு வேலையில்லை. நீர்க்காகத்துக்கு மூழ்கும் ஆழம் வேண்டும். நனைந்த சிறகை விரித்து உலர்த்த ஒரு பட்ட மரமும் வேண்டும். நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகள் மேலேயே நடந்து, அங்கேயே முட்டையிடும். அடைகாப்பது ஆண்.

இந்தப் போடி வட்டாரத்தின் சிறப்பு, இத்தனை வகை நீரும் ஒரு மலைச்சரிவின் கீழே அடுத்தடுத்து அமைந்திருப்பதுதான். குரங்கணிப் பக்கம் ஓடைப் பாறைகளில் குளிர்காலத்தில் சாம்பல் வாலாட்டி வாலை ஆட்டியபடி பூச்சி பிடிக்கும். அந்தச் சரிவின் நீர் கொட்டகுடி ஆறாக இறங்கிப் போடிப் பகுதிக் கண்மாய்களுக்கு வருகிறது. தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு நீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். கிழக்கே 1959-இல் திறக்கப்பட்ட, 71 அடி வரை நீர் தேக்கும் வைகை அணை.

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் கண்மாய் வறண்டு கிடக்கும்போது, முதல் போகத்துக்கு உழுது தண்ணீர் கட்டிய வயலே கொக்குக்கும் மடையானுக்கும் கண்மாய். 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கை, மனிதன் உண்டாக்கிய நீர்நிலைகளையும் சதுப்பு நிலம் என்றே கொள்கிறது. வயலும் அணையும் நம் ஆய்வுக்கு வெளியே நிற்க வேண்டியவை அல்ல.

ஒரு கவலையை இந்த அவையில் சொல்லியே ஆக வேண்டும். 2017 முதல் குடிமராமத்து என்னும் கண்மாய்ச் சீரமைப்பு மீண்டும் நடந்தது. விவசாயிக்கு அது தேவை, நான் அதை வரவேற்கிறேன். ஆனால் தூர்வாருதல் என்ற பெயரில் கரையை ஒட்டிச் செங்குத்தாகப் பொக்லைன் வைத்து வெட்டிவிட்டால் கண்மாய் தொட்டியாகிவிடுகிறது. தண்ணீர் நிற்கும், நீர்க்காகம் வரும். உள்ளானுக்கும் நாரைக்கும் இடமிருக்காது. நடுவில் ஆழமாக்குங்கள், நீர்ப்பிடிப்பு ஓரத்தைச் சரிவாக விடுங்கள். மண் அள்ளுவதற்கு முன் ஊர்ப் பாசனச் சங்கத்தாரோடு உட்கார்ந்து இதைப் பேச நம்மில் யாராவது போயிருக்கிறோமா?  

நாம் பறவைகளை எண்ணப் போகும் காலத்திலும் ஒரு குறை உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. அது ஜனவரியில் நடப்பது. நாமும் பெரும்பாலும் அப்போதுதான் கண்மாய்க்குப் போகிறோம். நிறைந்த கண்மாயைப் பார்க்கிறோம். அந்தக் கணக்கில் ஜூன் மாத நெல் வயல் இல்லை. ஏப்ரலில் வைகை அணை நீர் வற்றி வெளித்தெரியும் சேறும் இல்லை.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்துக்கொண்டு திரும்பாதீர்கள். அது நின்ற இடத்தில் தண்ணீர் எத்தனை விரல், எத்தனை சாண் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வருடத்தில் நான்கு முறையாவது அதே கரைக்குத் திரும்பப் போய் எழுதுங்கள்.