புல்லட் டைமிங்: ஆம்ப் முள் பொய் சொல்லாது

பழைய புல்லட்ல கொடைக்கானல் போறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு: "மேல ஏறினதும் வண்டி இழுக்கவே மாட்டேங்குது. டைமிங்கைக் கொஞ்சம் முன்னாடி வைக்கலாமா?" இன்னைக்கு இதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

கேக்குறவங்கள்ல பாதிப் பேர் வெள்ளகவி நடக்கப் போறவங்க. அந்த ஊருக்கு வண்டி போகாது. வட்டக்கானல்ல பைக்கை விட்டுட்டு, டால்ஃபின் நோஸ் தாண்டி ஒத்தையடிப் பாதையில இறங்கணும். ரெண்டு நாள் கழிச்சு அதே செங்குத்துல மூச்சு வாங்க ஏறி வந்து கிக்கர்ல கால் வைப்பீங்க. அந்த நேரத்துல டைமிங் தப்பா இருந்தா, கிக்கர் திருப்பி அடிக்கும். அந்த அடியில கணுக்கால் போகலாம். அதனால இது வெறும் மைலேஜ் விஷயம் இல்லை.

முதல்ல டைமிங்னா என்ன? பிளக்ல பொறி விழுந்த உடனே பெட்ரோல் மொத்தமா எரிஞ்சு முடியாது. தீ பரவ நேரம் வேணும். 3,000 ஆர்.பி.எம்-ல கிராங்க் ஒரு சுத்து சுத்த ஒரு விநாடியில 50-ல ஒரு பங்குதான் ஆகும். அதனால பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பொறி விழணும். ரொம்ப முன்னாடி விழுந்தா இன்ஜின் தட்டும், கிக்கர் திருப்பி அடிக்கும். ரொம்பப் பின்னாடி விழுந்தா இழுவை போயிடும், இன்ஜின் சூடாகும்.

இப்போ மலைக்கு வருவோம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதை விட கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. காத்து குறைஞ்சாலும் கார்புரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கலவை ரிச் ஆகுது, பிளக் கறுப்பாகுது, வண்டி மந்தமாகுது. இது டைமிங்கோட குத்தம் இல்லை. மேல நின்னுட்டு டைமிங்கை முன்னாடி தள்ளினா கொஞ்சம் சுறுசுறுப்பு வந்த மாதிரி இருக்கும். அதே செட்டிங்கோட இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி முழுக் காத்து கிடைக்கிற இடத்துல ஆக்ஸிலரேட்டரை முறுக்கினா இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். அடி வாங்குறது பிஸ்டன். அதனால டைமிங்கைக் கீழேயே, வீட்லயே சரியா வச்சுட்டுக் கிளம்புங்க.

நான் சொல்றது சி.டி.ஐ. வர்றதுக்கு முந்தின, பாயின்ட்ஸ் வச்ச புல்லட். 1955-ல திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச குடும்பத்து வண்டி. அதுல பாயின்ட்ஸ் திறக்கிற நொடிதான் பொறி விழுற நொடி.

வரிசை முக்கியம். முதல்ல கேப், அப்புறம்தான் டைமிங். ஏன்னா கேப் மாறினா டைமிங்கும் மாறும். கேப் அதிகமானா பாயின்ட்ஸ் சீக்கிரம் திறக்கும். கேம் மேல உரசுற பகுதி தேயத் தேய கேப் குறையும், பொறி தாமதமாகும். பாயின்ட்ஸ் முழுசா திறந்த நிலையில ஃபீலர் கேஜ் விட்டு 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள வைங்க. பாயின்ட்ஸ் முகம் குழி விழுந்திருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க. புதுசு மாத்துங்க, கண்டென்சரையும் சேர்த்துப் பாருங்க.

அடுத்து டைமிங். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பிளக்கைக் கழட்டி, டாப் கியர்ல பின் வீலை முன்னாடி சுத்துங்க. பிளக் ஓட்டையில விரல் வச்சா, காத்து வெளிய தள்ளுற ஏற்றம்தான் கம்ப்ரெஷன். ஒரு பழைய ஸ்போக்கை மெதுவா உள்ள விட்டு, பிஸ்டனோட உச்சியைக் கண்டுபிடிச்சு அடையாளம் போடுங்க. அப்புறம் வீலைக் கொஞ்சம் பின்னாடி கொண்டு போய், திரும்ப முன்னாடி சுத்தி, உச்சிக்கு முன்னாடி மேனுவல் சொல்ற மில்லிமீட்டர்ல நிறுத்துங்க. பின்னாடி போய் முன்னாடி வரச் சொல்றது, கியர்ல இருக்கிற லூஸ் கணக்குல சேராம இருக்க.

இப்போ நம்ம ஆம்ப் மீட்டர். கழட்டின பிளக்கைக் கேபிள்ல மாட்டி, ஓட்டையை விட்டுத் தள்ளி, இன்ஜின் இரும்புல படுற மாதிரி வச்சுட்டு சாவியை ஆன் பண்ணுங்க. பாயின்ட்ஸ் மூடியிருந்தா முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்த உடனே சென்டருக்குத் துள்ளும். அந்தத் துள்ளல் நீங்க நிறுத்தின இடத்துலயே நடக்கணும். முன்னாடியே துள்ளினா, பாயின்ட்ஸ் தட்டோட போல்ட்டைத் தளர்த்தி, கேம் சுத்துற திசையில மயிரிழை திருப்புங்க. பின்னாடி துள்ளினா எதிர்த் திசை. கேம் கிராங்க்கோட பாதி வேகத்துல சுத்துது. அதனால தட்டுல 1 டிகிரி திருப்பினா கிராங்க்ல 2 டிகிரி மாறிடும். பாயின்ட்ஸ் மூடியிருக்கும்போது சாவியை ரொம்ப நேரம் ஆன்ல விடாதீங்க, காயில் சூடாகும்.

பல பேர் விட்டுடுற இடம், தட்டுக்கு அடியில இருக்கிற ஆட்டோ அட்வான்ஸ். கேமைக் கையால திருப்பி விட்டா ஸ்பிரிங் அதைச் சட்டுனு பழைய இடத்துக்கு இழுக்கணும். துருவோ காஞ்ச கிரீஸோ பிடிச்சு வெயிட் விரிஞ்ச நிலையிலேயே நின்னுட்டா, நீங்க எவ்வளவு சரியா டைமிங் வச்சாலும் கிக்கர் திருப்பி அடிக்கும். "டைமிங் சரியாத்தான் இருக்கு, ஆனா கால்ல அடிக்குது"ன்னு சொல்ற வண்டிகள்ல நான் முதல்ல பாக்குறது இதைத்தான்.

கடைசியா, வட்டக்கானல்ல ரெண்டு ராத்திரி பனியில நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா டைமிங்கைத் தொடாதீங்க. நேத்து சரியா இருந்த டைமிங் நிக்கிற இடத்துல மாறாது. பாயின்ட்ஸ் மூடியைத் திறந்து ஈரத்தைச் சுத்தமான துணியால துடைங்க. பிளக்கைக் காய வைங்க. அப்புறம் ஆம்ப் முள்ளைப் பார்த்து, டீகம்ப் பிடிச்சு, பிஸ்டனை உச்சி தாண்ட விட்டு, டீகம்ப்பை விட்டுட்டு ஒரே கிக். பையில ஃபீலர் கேஜ், ஒரு பாயின்ட்ஸ் செட், கண்டென்சர், ரெண்டு ஸ்பேனர் போதும். வெள்ளகவிக்காரங்க அரிசி மூட்டையையே தோள்ல சுமந்து போற பாதை அது. இந்த எடை உங்களுக்குப் பெருசா தெரியாது.

அடுத்த எபிசோட்ல கார்புரேட்டரைத் திறப்போம்.